பதில் கூவல்

ஜெராக்ஸ் மெஷினின் வயிற்றுக்குள் கையை விட்டு, சிக்கிக்கொண்ட தாளை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பவானியும் குணசுந்தரியும் கடை வாசலில் வந்து நின்றார்கள். இருவரும் வாயைத் திறக்கவில்லை. மெஷின் மக்கர் பண்ணும் நேரத்தில் இந்தக் கௌசர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று காலடிப்பேட்டை மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று வெள்ளிக்கிழமை வேறு. ஜும்ஆவுக்குப் போன என் வீட்டுக்காரர் சாப்பாட்டோடு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பசி என் கோபத்துக்கு ஆகாது. தாளை உருவிப் போட்டுவிட்டு, கையில் அப்பிய கறுப்பு மையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "இன்னா, சொம்மா நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க" என்றேன். பவானி சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த பழுப்புக் கவரை எடுத்து, இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தாள்.

கவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பலகையில் ஜாப் டைப்பிங் என்றுதான் எழுதியிருக்கும். மணலியிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் கம்பெனிக்காரன் எவனுக்கு மெமோ கொடுத்தாலும் அதை இங்கிலீஷில்தான் கொடுப்பான். வாங்கினவன் இரண்டு நாள் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, மூன்றாவது நாள் என்னிடம் கொண்டுவருவான். நான் தமிழில் சொல்லி, அவன் அழுவதை இங்கிலீஷாக்கி அடித்துக் கொடுப்பேன். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, மெமோவின் பாஷை மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் எனக்குத் தெரியாத வார்த்தை கிடையாது என்று ஒரு திமிர் எனக்கு உண்டு.

பவானியின் விஷயமும் எனக்குத் தெரியும். இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவள் வேலை செய்யும் இறால் கம்பெனியில் அம்மோனியா கசிந்தது. ஒரிசாப் பெண் ஒருத்தி செத்துப்போனாள். பவானியின் குப்பத்து ஆட்கள் ஒரு காலத்தில் முகத்துவாரத்தில் இறால் பிடித்தவர்கள். அங்கே இப்போது அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தவிர எதுவும் வலையில் ஏறுவதில்லை. பவானியின் புருஷன் பொன்ராஜ் இடுப்பு உடைந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறார். வலை பொய்த்த பிறகு, நெல்லூர்ப் பக்கத்துக் குட்டைகளில் வளர்த்து லாரியில் வரும் இறாலை உரிக்க அந்தக் குப்பத்துப் பெண்கள் போகிறார்கள். பவானி பதினோரு வருஷமாக கம்பெனி ஆள், மேஜைக்குப் பொறுப்பு. குணசுந்தரியும் மற்ற இருபத்தொரு பெண்களும் காண்ட்ராக்ட். பவானிக்கு மெமோவாவது வந்தது. அவர்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா, இவ மன்னாப்பு கேட்டு ஒரே ஒரு லெட்டர் குடுத்தா போதும், எங்க எல்லாரையும் திங்கக்கெயம உள்ள உடறேன்னு ஹெச்.ஆர் சொல்லிக்கிறான்" என்றாள் குணசுந்தரி. "இவதான் ஒண்ணும் புடி குடுக்க மாட்றா. ஒயுங்கா எய்திக் குடு. பன்னெண்டு நாளா இருபத்தி ரெண்டு வூட்ல அடுப்பு எரியல."

பவானி அவள் பக்கம் திரும்பவில்லை. "மொதல்ல அதுல இன்னா போட்டுக்கிறான்னு படி அக்கா" என்றாள்.

படித்தேன். தேதி, ஷிப்டு, இடம். மேற்படி நாளில் காலை பதினொன்று இருபதுக்கு, எந்த முகாந்திரமும் இல்லாமல், பவானி என்கிற நீர், இறால் உரிக்கும் கூடத்தில்... அங்கே நின்றுவிட்டேன். ஹல்லபலூ என்று ஒரு வார்த்தை. நியூசென்ஸ் என்று போடுவார்கள், இன்டிசிப்ளின் என்று போடுவார்கள், ரொம்பக் கோபம் வந்தால் ரயட்டஸ் என்று போடுவார்கள். இதைப் போட்டவன் புதுசாகப் படித்துவிட்டு வந்த ஆளாக இருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக வந்தது. "கலாட்டா பண்ணே, அதனால ஜனங்க பயந்து நெருக்கியடிச்சு ஓடி, அதுல ஒரு பொண்ணு செத்துப்போச்சுன்னு போட்டுக்கிறான்" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போனேன்.

"நீ ஒரு வார்த்தைல நின்னியே அக்கா."

"அதான் சொன்னேனே, கலாட்டா."

"என் பேருக்குப் பக்கத்துல ஒண்ணு போட்டுக்கிறான். நீயே முழிக்கிற. அது இன்னான்னு எனக்குத் தெரியணும்."

குணசுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் கோபம்தான். ஆனால் பவானி அதட்டவில்லை, கெஞ்சவில்லை, சந்தையில் மீன் விலை கேட்கிற குரலில் கேட்டாள். அப்படிக் கேட்பவர்களை என்னால் விரட்ட முடிவதில்லை. போனை எடுத்து எழுத்து எழுத்தாக அடித்துத் தேடினேன். கூச்சல், அமளி, பலர் சேர்ந்து போடும் இரைச்சல் என்று அர்த்தம் வந்தது. அதற்குக் கீழே அந்த வார்த்தை பிறந்த கதையும் இருந்தது. என் திமிரைக் காப்பாற்றிக்கொள்ள அதையும் படித்துச் சொன்னேன். இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழசு. இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்திலும் ஸ்காட்லாந்திலும் புழங்கியது. எங்கிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. எட்டத்தில் இருக்கிறவரைக் கூப்பிடவும் வேட்டை நாயை ஏவி விடவும் அங்கே ஹல்லோ என்று தொண்டை கிழியக் கத்துவார்களாம், அதிலிருந்து வந்திருக்கலாம். பின்பாதி சும்மா ஓசைக்கு ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பிள்ளையைத் தூங்கவைக்கத் தாய் சொல்லும் பலூ என்கிற சொல் அது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பவானி முழுதும் கேட்டாள். "தூரத்துல கீறவங்கள கூப்புடறது."

"அப்டித்தான் போட்டிருக்கு."

"அப்போ சரியாத்தான் எய்திக்கிறான். நான் கூப்ட்டேன்."

"ஏய், வாயக் கய்வு" என்றாள் குணசுந்தரி. "இத்த வெளிய எவங்கிட்டயாவது சொல்லப் போற."

என்ன நடந்தது என்று அதற்குப் பிறகுதான் பவானி சொன்னாள். அவர்கள் குப்பத்தில் கூவு என்று ஒன்று உண்டு. படகு கவிழ்ந்தாலோ கடல் உள்ளே ஏறினாலோ குடிசை பற்றினாலோ, முதலில் பார்த்தவள் வாய்க்கு இரண்டு பக்கமும் கையைக் குவித்து அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு ஓ போடுவாள், நடுவில் இரண்டு இடத்தில் வெட்டி. கேட்டவள் எதற்கு என்று கேட்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, தானும் ஒருமுறை திருப்பிக் கூவிவிட்டு, ரோட்டைப் பார்த்து ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. திருப்பிக் கூவினால், எனக்குக் கேட்டுவிட்டது, என்னைத் தேடி யாரும் வர வேண்டாம் என்று அர்த்தம். பதில் வராத வீட்டுக்கு மட்டும்தான் ஆள் ஓடும். சுனாமி அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு உயிர்கூடப் போகாததற்கு அந்தக் கூவுதான் காரணம் என்று குணசுந்தரியே நடுவில் புகுந்து சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

அன்று பவானி நின்ற மேஜை ஐஸ் பைப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நெடி தினமும் கொஞ்சம் இருக்கும், யாரும் சட்டை பண்ண மாட்டார்கள். அன்று கண்ணைக் குத்தியது. தலைக்குமேல் பைப்பில் விசில் மாதிரி ஒரு சத்தம். மெஷின்கள் ஓடுகிற கூடத்தில் பேச்சு யார் காதிலும் விழாது. அவள் முகமூடியை இழுத்துவிட்டுக் கூவினாள். ஐந்து மேஜைகளில் இருந்த இருபத்திரண்டு பேரும் கத்தியைப் போட்டுவிட்டு, திருப்பிக் கூவிவிட்டு, முன்வாசலுக்கு ஓடினார்கள். ஒருத்திமேல் ஒருத்தி விழவில்லை. நெருக்கியடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து ஓடிப் பழகிய ஓட்டம் அது.

கடைசி மேஜை ஒரிசாப் பெண்களுடையது. எட்டுப் பேர். மாடியில் கம்பெனி கொடுத்த ரூமில் தங்கி வேலை செய்கிறவர்கள். தமிழ் வராது. பவானி ஓட்டமெடுக்கும் முன்னால் அந்தப் பக்கம் பார்த்தாள். அதில் சின்னவள், லிப்சா, பத்தொன்பது வயது, பவானியைப் பார்த்துச் சிரித்தாள். முகமூடியைக் கீழே இறக்கினாள். கையை வாயருகே கொண்டுபோய் நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு சத்தம் கொடுத்தாள்.

"திருப்பிக் கூவிட்டா அக்கா. எங்க மாதிரி இல்ல. ஆனா அந்த நேரத்துல எனக்குக் கூவுன்னுதான் கேட்டுது. கேட்டுக்கினா, வந்துடுவா, நம்ம தேட வேணாம்னு நெனச்சுக்கினேன். ஓடிட்டேன். திரும்பிப் பாக்கல."

"எதுக்குச் சிரிச்சா?"

"அவங்க ஊர்ல கல்யாணம், பூசைன்னா பொம்பளைங்க கொலவை போடுவாங்களாம். ஆஸ்பத்திரில அந்தக் கூட்டத்துப் பொண்ணு ஒருத்தி கையக் காட்டி, ஜாடைல சொன்னா. எங்கள்ல யாருக்கோ கல்யாணம் கூடிச்சுன்னு நெனச்சுக்கினாங்களாம். லிப்சா எனக்காவ கொலவை போட்டுக்கிறா."

வெளியே ஒரு ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். எழுந்து போய் அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. பவானி மிச்சத்தையும் சொன்னாள். பைப் வெடித்து வெள்ளைப் புகையாகக் கூடம் நிறைந்தது. எட்டுப் பேருக்கும் முன்வாசலுக்கும் நடுவில் அது நின்றது. ஏழு பேர் ஐஸ் தண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்து வந்துவிட்டார்கள். லிப்சா பின்கதவுக்கு ஓடியிருக்கிறாள். அந்தப் பெண்கள் வேலை நேரத்தில் வெளியே போகக் கூடாது என்று அந்தக் கதவை வெளியே பூட்டி வைப்பது வழக்கம். அந்தக் கதவடியில்தான் அவளை எடுத்தார்கள்.

"அவ தம்பி வந்தான், பொணம் வாங்க. காலேஜி படிக்கிற புள்ள. என்னக் காட்டி எல்லாரும் சொல்லிக்கிறாங்க போல, இந்தம்மா கத்துனதாலதான்னு. எங்கிட்ட வந்து நின்னு இன்னாமோ கேட்டான். எப்டி ஆச்சுன்னு கேக்கறான், அது புரிஞ்சுது. எனக்குச் சொல்ல பாஷ இல்ல. அவன் கையப் புடிச்சுக்கினு நின்னேன். கைய உருவிக்கினு போய்ட்டான்."

"செரி, இப்போ இன்னா எழுதணும் சொல்லு" என்றேன்.

அவள் தயாராக வந்திருந்தாள். நெடி வந்தது. நான் கூவினேன். பொய்யாகக் கூவவில்லை. லிப்சா திருப்பிக் கூவினாள். அவளுக்கு எங்கள் கூவு தெரியாது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்கதவு பூட்டியிருந்தது. இதையெல்லாம் மனப்பாடம் ஒப்பிப்பது மாதிரி சொல்லி முடித்துவிட்டு, "ஒண்ணு கூட உடாத" என்றாள்.

குணசுந்தரி அழ ஆரம்பித்துவிட்டாள். "இவளே போய் கயித்துல தலைய உடறா அக்கா. கதவு பூட்டி இருந்துச்சுன்னு எய்துனா எங்கள எவன் உள்ள சேப்பான்? செத்தவ வரப் போறாளா?" அதில் என்ன தப்பு இருக்கிறது? அவளுக்கு மூன்று பிள்ளைகள். நான் பவானியிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். விசாரணை என்று உட்காருகிறவன் நியாயம் தேடி உட்காருவதில்லை, உன் வாயிலிருந்து ஒரு வரி விழாதா என்று உட்காருகிறான். என் கொழுந்தனார் ரஷீது, கண்டெய்னர் யார்டில் வேலை பார்த்தபோது கிரேன் சங்கிலி அறுந்து ஒருவர் கால் போனது. பழைய சங்கிலி. மெமோவுக்கு ரஷீது கொடுத்த பதிலில், நானும் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மனசுக்குச் சரியாக இருக்கும் என்றார். அதை அடித்துக் கொடுத்ததும் நான்தான். அந்த ஒரு வரிக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டு வேலையை விட்டு அனுப்பினார்கள். சங்கிலியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. இதையெல்லாம் சொன்னேன்.

"தெரியும் அக்கா. எய்து" என்றாள் பவானி.

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். அடிக்க ஆரம்பித்தேன்.

அதைச் செய்யும்போது எனக்குக் குற்றமாகவே தோன்றவில்லை, சத்தியமாக. நல்லது செய்கிறோம் என்றுதான் இருந்தது. வேகமாக, ரொம்ப நன்றாக அடித்தேன். ஒருவித நெடி போல உணர்ந்து, பயத்தில், எங்கள் பகுதி வழக்கப்படி குரல் எழுப்பினேன். யாரையும் கலவரப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. பதினோரு வருஷமாக ஒரு புகாரும் இல்லாமல் உழைத்திருக்கிறேன். அந்தக் கூவலுக்கு வந்த பதிலை எழுதாமல் விட்டேன். கதவை விட்டேன். பவானிமேல் பழி வராமல் இருக்க நானாக ஒரு வரி சேர்த்தேன்: லிப்சாவோ வேறு யாரோ கூடத்துக்குள் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த வரியை எந்த விசாரணை அதிகாரி வந்தாலும் அசைக்க முடியாது. நடந்த சம்பவத்துக்கு வருந்துகிறேன், என்னையும் மற்ற இருபத்திரண்டு பேரையும் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன், இப்படிக்கு தங்கள் உண்மையுள்ள. முடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஹெச்.ஆர் இதை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை கேட்டைத் திறந்துவிடுவான் என்று உறுதியாகத் தெரிந்தது. அந்த ஹல்லபலூக்காரனுக்கு என் இங்கிலீஷும் கொஞ்சம் தெரியட்டும் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது.

தாளை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். கண் இங்கிலீஷ் வரிமேல் ஓடியது, வாய் அவள் சொன்னதைத் தமிழில் சொன்னது. திருப்பிக் கூவினாள் என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை என்றேன். பின்கதவு பூட்டியிருந்தது என்றேன். குணசுந்தரி விசும்பிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்து லேசாகக் கண்ணை மூடித் திறந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகை நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணு பேரு போட்டியா?"

"போட்டேன்."

"எது?"

இதில் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லிப்சா என்ற பெயரை விரலால் காட்டினேன். பவானி தன் விரலை அதன்மேல் வைத்தாள். உப்பும் ஐஸும் தின்று வெளுத்த விரல், நகத்தோரம் வெடித்திருந்தது. அந்தப் பெயரிலிருந்து வரியின் கடைசி வரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள், தமிழில், கோணல் இல்லாமல். இரண்டு காப்பி எடுத்து, ஒன்றில் கேட்டில் சீல் வாங்கச் சொல்லிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தாளை மேஜைமேல் விரித்து வைத்து, மூலை சுருளாமல் இருக்க என் ஸ்டேப்ளரை ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு, போனை எடுத்து போட்டோ பிடித்தாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னொரு முறை பிடித்தாள்.

"ஆபீசுக்குத் தாளாவே குடு, போட்டோல்லாம் வாங்க மாட்டான்" என்றேன்.

"ஆபீசுக்கு இல்ல அக்கா. அவ தம்பிக்கு. நம்பர் வாங்கி வச்சுக்கிறேன்." அதற்குள் அனுப்பிவிட்டாள். "அவனுக்கு இங்கிலீசு நல்லா தெரியுமாம். கம்பெனிக்காரன் இத்த கியிச்சுப் போடுவான்னு எனக்குத் தெரியாதா? வேல போனா போவுது. அவன் எங்கிட்ட கேட்டான் இல்ல, அன்னிக்கு. பதில் சொல்லாம அனுப்சுட்டேன். அவுங்க அம்மாவுக்கும் அவன் படிச்சு சொல்லுவான்."

"எந்த நம்பர்? குடு, பாக்கறேன்" என்று கையை நீட்டினேன். அழித்துவிடலாம், இன்னும் பார்த்திருக்க மாட்டான் என்றுதான் அந்த நேரத்தில் ஓடியது. பவானி போனை என் பக்கம் திருப்பினாள். தாள் முழுசாக, கையெழுத்தோடு, தெளிவாக விழுந்திருந்தது. அதன் கீழே இரண்டு டிக்கும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாயின. குணசுந்தரி காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேலே, அந்தப் பையனின் பெயர் இருக்கும் இடத்தில், டைப்பிங் என்று வந்தது. நின்றது. மறுபடியும் வந்தது. பவானி ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, போனை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தாள்.

"வந்ததும் படிச்சு சொல்லு அக்கா" என்றாள். "ஒண்ணு கூட உடாத."